லென்ஸுக்கு விட்ட தையல் எண்ணெய்

அம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவானபோது என் தம்பி சின்னவன் தவழத் தொடங்கியிருந்தான். பாதியில் நின்ற கல்வீட்டுக்கு ஓடு போடத்தான் இந்தப் பயணம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா சிரித்துச் சிரித்துத்தான் பெட்டி அடுக்கினார். அவர் வாய்விட்டுச் சொன்ன கவலை ஒன்றுதான்.

"நான் திரும்பி வாறதுக்குள்ள இவன் என்ட முகத்த மறந்திருவான்," என்று மாமாவிடம் சொன்னார். "நல்லாச் சிரிச்ச மாதிரி ஒரு படம் எடுத்துத் தாடா. மகள் ஒவ்வொரு நாளும் இவனுக்குக் காட்டட்டும்."

மாமா அம்மாவின் தம்பி. புளியந்தீவில் ஒரு ஸ்டூடியோக்காரருக்குக் கலியாண வீடுகளில் லைட் பிடிப்பவர். யாரோ கழித்துவிட்ட பழைய கமராவும் அதைவிடப் பழைய லென்ஸும் கைக்கு வந்ததிலிருந்து ஆளைப் பிடிக்க முடியவில்லை. வெளிச்சம் போகும் துளையைச் சுருக்கவும் திறக்கவும் லென்ஸில் இருந்த வளையம் மட்டும் இறுகிக் கிடந்தது. எங்கள் பனிச்சங்கேணியில் உப்புக்காற்றுக்கு எது இறுகினாலும் எண்ணெய் விடுவோம். கதவுக் கீல், சைக்கிள் செயின், அம்மாவின் தையல் மெஷின் எல்லாம் அப்படித்தான் ஓடின. மாமாவும் தையல் எண்ணெயில் சில சொட்டு விட்டார். வளையம் வழுக்கிக்கொண்டு சுழன்றது. தன் கெட்டித்தனத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பயணத்துக்கு முதல்நாள் எங்களை வாவிக்கரையில் நிறுத்தினார். உச்சி வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூச வைத்தது. "வெளிச்சம் கூட, நல்லாச் சுருக்கோணும்," என்று வளையத்தைக் கடைசி இலக்கம்வரை திருப்பினார். அம்மா சின்னவனைத் தூக்கிக்கொண்டு, சொன்ன பக்கமெல்லாம் திரும்பிச் சிரித்தார். பிலிம் றோலில் ஒரு படம் மிஞ்சியது. வீட்டுக்கு வந்தபின், இருண்ட குசினிக்குள் இருந்த அம்மாவை, வளையத்தை முழுதாகத் திறந்து, அவருக்குத் தெரியாமல் எடுத்தார்.

படங்கள் கழுவி வந்தபோது அம்மா போய்விட்டார். வாவிக்கரைப் படங்கள் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. சேலைக் கரை தெரிந்தது, என் ரிப்பன் தெரிந்தது, அம்மாவுக்கு முகம் இல்லை. நான் குழறி அழுதேன். மாமா முதலில் படம் கழுவியவரைத் திட்டினார், பிறகு பிலிமை, பிறகு வாவியையே திட்டினார். திட்டுவதற்கு வேறொன்றும் மிஞ்சாதபோதுதான் லென்ஸைக் கழற்றினார். பின்னாலிருந்த சின்ன நெம்பைத் தள்ளியதும், அந்தத் துளையைப் பட்டென்று மூட வேண்டிய தகட்டு இதழ்கள் பாயைவிட்டு எழும்ப மனமில்லாத பிள்ளையைப் போல மெல்ல மெல்ல அசைந்தன. மாமா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எண்ணெய் உள்ளுக்க இறங்கி இதழெல்லாம் ஒட்டிட்டு அத்தான்," என்று அப்பாவிடம் சொன்னார். "நான் சுருக்கினன், அது சுருங்கல்ல. குசினிக்க எடுத்ததுக்குத் திறந்துதான் இருக்கோணும். அது மட்டும் தப்பிட்டு."

அந்தப் படம் அவ்வளவு துல்லியம். அடுப்போடு ஒட்டிக் குந்தியிருந்த அம்மாவின் கன்னத்தில் நீர் வழிந்ததுகூடத் தெரிந்தது. அப்பா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதச் சின்னவனுக்குக் காட்ட வேணாம்," என்றார்.

அம்மாவின் முகம் இருந்தது அந்த ஒரு படத்தில்தான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. "அடுப்புப் புகைக்குக் கண் எரிஞ்சிருக்கும் அப்பா," என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "ஓம் புள்ள, புகைதான்," என்று படத்தை என் கையில் தந்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் சின்னவனை மடியில் வைத்து அம்மாவைக் காட்டினேன். அம்மா அழவில்லை, புகைதான் என்று அவனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அடுப்பில் நெருப்பே இல்லை, ஆறிய சாம்பல்தான் கிடந்தது என்பது அந்தப் படத்தில் யாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் அப்போது தெரியவில்லை.