கறுப்புக் காய் அவருக்கு

தொண்ணூற்று மூன்றில் கல்யாணமாகி விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வந்தபோது, நகைநட்டோடு ஒரு செஸ் செட்டும் கொண்டு வந்தேன். மடக்கும் அட்டை, பிளாஸ்டிக் காய்கள். என் அண்ணனோடு ஆடி ஆடி ஓரங்கள் கிழிந்திருந்தன. புகுந்த வீட்டில் அதைப் பார்த்து முதலில் சிரித்தவர் என் கணவரின் அண்ணன். மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரம், வைத்திருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியவர், எனக்கு மாமா.

பெரியவரும் செஸ் பிரியர்தான். மண்டியிலிருந்து மத்தியானம் வந்தால், ரிட்டயர் ஆன பக்கத்து வீட்டு பேங்க்காரரோடு ஹாலில் ஆட உட்காருவார். அந்த ஹாலில் அவர் இருக்கும்போது வீட்டு மருமகள் உட்காரக் கூடாது. காபி கொடுத்தால், குடித்து முடிக்கும்வரை நின்று டம்ளரை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அவரோ ஒரு வாய் குடிப்பார், ஒரு காய் நகர்த்துவார், மீசையைத் தடவுவார், மறுபடி ஒரு வாய்.

தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது என் கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. அன்றைக்கும் நின்றேன். கதவு நிலையில் கொஞ்சம் சாய்ந்ததைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, கால் வலிக்குதா? ஜன்னல் பக்கம் போய் நில்லு, காத்து வரும்."

பேங்க்காரர் தலை குனிந்துகொண்டார். பெரியவர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். படுபாவி! நாற்காலி ஒன்று காலியாகத்தான் கிடந்தது. அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, இனியும் மன்னிக்கிற உத்தேசமில்லை.

என்னோடு ஆட அந்த வீட்டில் ஆளில்லை. கணவர் காலையில் விழுப்புரம் ஆபீசுக்கு ரயிலேறினால் இருட்டித்தான் வருவார். அடுப்படி வேலை முடிந்ததும் தரையில் அட்டையை விரிப்பேன். வெள்ளை எனக்கு, கறுப்பு பெரியவருக்கு. இரண்டு பக்கமும் நானே. ஆரம்பத்தில் தினமும் அவரைத் தோற்கடித்தேன். அவர் ராணியை நானே கொண்டுவந்து என் யானைக்கு முன்னால் நிறுத்தி, நானே வெட்டுவேன். ஜில்லென்று இருக்கும்.

கொஞ்ச நாளில் அது சப்பென்று ஆகிவிட்டது. கையைக் காலைக் கட்டிப்போட்டு அடிப்பதில் என்ன இருக்கிறது? அதனால் டம்ளருக்காக நிற்கிற நேரத்தில் அவர் ஆடுவதைக் கவனிக்கத் தொடங்கினேன். எதற்கு அவசரப்படுகிறார், எதற்குப் பயப்படுகிறார், எல்லாம் பார்த்துவைத்து, அடுப்படிக்கு வந்து கறுப்புப் பக்கம் உட்கார்ந்தால் அவராகவே யோசித்தேன். அவருக்கு எட்டாததையும் சேர்த்து யோசித்தேன். விளைவு, அடுப்படியில் பெரியவர் ஜெயிக்க ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கேயுமா? அப்படி ஜெயித்த நாட்களில் அவருக்கு ஆறிப்போன காபிதான்.

அந்த ஹாலில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜாவுக்கு 'செக்' சொல்வதுபோல, ராணியை வெட்ட வந்தாலும் "ராணி" என்று வாயால் சொல்லிவிட வேண்டும். சொன்னால் பெரியவர் நகர்த்திக்கொள்வார். சொல்லிச் சொல்லியே அவருக்குத் தானாகப் பார்க்கிற பழக்கம் அற்றுப்போயிருந்தது. அடுப்படியில் எனக்கு யார் சொல்ல?

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேங்க்காரர் கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்திருந்தார். ஆட முடியாது. பெரியவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"உங்க வூட்டுலயே ஆள் இருக்குதே" என்றார் பேங்க்காரர்.

"அதுவா? அது கூட அதுவே ஆடிக்கினு கெடக்கும். பைத்தியம்." காபியோடு நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னா, ஆடறியா?"

"ஆடறேன் மாமா. ஜெயிச்சா நான் ஒக்காரணும்."

"எங்க?"

"இங்கதான். நீங்க இருக்கும்போதே."

என் கணவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் தைரியம் அவ்வளவுதான்.

"தோத்தா?" என்றார் பெரியவர்.

"செஸ் அட்டைய அடுப்புல போட்டுடறேன். அப்புறம் தொடவே மாட்டேன்."

அவருக்கு அது பிடித்திருந்தது. "சரி, பொம்பளைதானே, வெள்ளைய நீயே வெச்சிக்க. ஜல்தி ஆடு. எனக்கு மண்டியில வேலை இருக்குது."

நான் நின்றபடியே குனிந்து ஆடினேன். தோற்றால் அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சந்தோஷமும் சாம்பல். அவர் எந்த நேரமும் பொறி வைப்பார் என்று ஒவ்வொரு காயையும் சந்தேகத்தோடு பார்த்தேன். பொறி ஒன்றும் வரவில்லை. அடுப்படியில் என்னைத் திணறடித்த பெரியவர் எங்கே, இந்த மனிதர் எங்கே? கடவுளே, இந்த ஆளுக்கா இத்தனை வருஷம் நின்றேன்!

என் குதிரையை அவர் ராணிக்குக் குறியாக வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. சத்தம் வராததால் அவரும் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டு மீசையைத் தடவினார். நான் ராணியை எடுத்தேன்.

"ஏய், ராணிக்குச் சொல்லணும் இல்ல? திருப்பி வெய்யி!"

"தனியா ஆடிப் பழகினவ மாமா. யாருக்கும் சொல்லிப் பழக்கமில்ல."

பேங்க்காரர் தொண்டையைக் கனைத்தார். "புக்குல அப்படி ரூல் கெடையாதுங்க. உங்களுக்காகத்தான் நாங்க சொல்லிக்கினு இருந்தோம்."

பெரியவர் முகம் செத்துப்போயிற்று. அப்போதே ராஜாவை மடக்கியிருக்கலாம். மடக்கவில்லை. யானை, குதிரை, சிப்பாய் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அவர் பார்க்கும்படி மேஜை ஓரத்தில் அடுக்கினேன். அவர் காபி குடிக்கிற அதே வேகத்தில் ஆடினேன். மொட்டை ராஜா மட்டும் மிஞ்சியபிறகுதான் 'மேட்' சொன்னேன்.

நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து என் கணவர் எட்டிப்பார்த்தார். பெரியவர் அவசர அவசரமாகக் காய்களைத் திரும்ப அடுக்கினார்.

"ஏதோ கவனம் தப்பிடுச்சி. இன்னோர் ஆட்டம் போடு."

"போடலாம் மாமா" என்றேன். "இந்தத் தடவை நீங்க நின்னுக்கினு ஆடுங்க."