பஸ்ரியனின் வாய்

ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், லோறன்ஸ் தெருக் கடைகளுக்குப் பின்னால் பஸ்ரியனின் கராஜ் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பக்கத்துத் தமிழாட்களின் கார்களில் பாதி அவருடைய கையால்தான் ஓடின. அவர் கைவேலையைக் குறை சொல்ல ஒருவருமில்லை. சனம் பயந்தது அவருடைய வாய்க்கு.

அந்தப் பயம் வந்த கதை இதுதான். ஒரு பிறந்தநாள் வீட்டு வாசலில் யாரோ கார் கொண்டுவந்து நிறுத்திய சத்தத்தைக் கேட்டுவிட்டு, "உந்த பிறேக் இந்தக் கிழமை தாண்டாது" என்றார். தாண்டவில்லை. இன்னொருவரிடம், "உம்மடை பற்றறி முதல் சினோவோடை சரி" என்றார். முதல் பனி கொட்டிய காலை அந்த மனிசன் பஸ் பிடித்து வேலைக்குப் போனார். பஸ்ரியன் கண்டதைச் சொன்னார், சொன்னது நடந்தது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் எங்கள் சனத்துக்கு அவ்வளவு சின்ன விளக்கம் போதுமா? அவர் சொன்னபடியால்தான் நடந்தது என்று முடிவு கட்டி, கரிநாக்கு என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு யாராவது கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசித்து, தெரிந்தவர் வீடெல்லாம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். பஸ்ரியனின் பக்கம் மட்டும் வரமாட்டார்கள். கார் நடுத்தெருவில் படுத்த பிறகுதான் அவருடைய ஞாபகம் வரும். அவருக்கு இது உள்ளுக்குள் சுட்டது. மனைவி மக்டலீனிடம் சொன்னால் அங்கேயும் முழு ஆறுதல் கிடைக்காது.

"நீங்கள் கண்டதைத்தான் சொல்லுறியள், ஓம். ஆனா செத்தவீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி மூஞ்சையை வைச்சுக்கொண்டெல்லோ சொல்லுறியள்."

அப்படியிருக்க, ஒரு கோடைகாலத்தில் சிவபாதம் தன்னுடைய பழைய ஜப்பான் காரைக் கொண்டுவந்து விட்டார். அவருடைய தம்பி கீதனுக்கு மொன்றியலில் கல்யாணம். மாப்பிள்ளை, தாலிக்கொடி, கூறைச் சேலை எல்லாம் அந்தக் காரில்தான் போகவேண்டும். முகூர்த்தம் மத்தியானம்; விடியமுன்னம் வெளிக்கிடவேண்டும்.

"அண்ணை, ரைமிங் பெல்ற்றை மட்டும் மாத்துங்கோ. வேறை ஒண்டும் பாக்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். நல்ல காரியத்துக்குப் போறம்."

பஸ்ரியன் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தக் காரில் ரைமிங் பெல்ற்றை எட்டித் தொடவே எஞ்சினின் ஒரு பக்கம் முழுவதையும் கழற்றவேண்டும். கழற்றினால், எஞ்சினுக்குத் தண்ணி சுற்றவைக்கும் வோட்டர் பம்ப் அந்த பெல்ற்றுக்குப் பின்னாலேயே இருக்கும். பம்பைச் சுழற்றுவதும் அதே பெல்ற்தான். ஆகையால் ஒன்றை மாற்றும்போது மற்றதையும் மாற்றிவிடுவது கெட்டித்தனம். பம்ப் நல்லதாயிருந்தால் விட்டுவிடலாம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. பஸ்ரியன் அதற்காக யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. பம்பைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

பார்த்தார். பம்பின் அடித் துவாரத்திலிருந்து தண்ணி கசிந்த பச்சைக் கறை ஒன்று காய்ந்து இறங்கியிருந்தது. பல்லுச் சில்லை விரலால் சுழற்றினார். உள்ளே மணல் அரைபடுவதுபோலக் கரகரத்தது. இது மொன்றியல் போகாது. பாதிவழியில் கிடக்கிற கிங்ஸ்ரன் தாண்டினாலே பெரிய காரியம். இறுகி நின்றால் புது பெல்ற்றையும் அறுத்து, எஞ்சினையும் நிறுத்திவிடும்.

கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"பெல்ற் மாத்தியாச்சோ அண்ணை?" என்றார் சிவபாதம்.

"மாத்துறன். ஆனா..."

"ஐயோ, ஆனா எண்டு சொல்லாதேங்கோ அண்ணை! இப்பதான் தாலிக்கொடியைக் கொண்டுவந்து சாமிப்படத்தடியிலை வைச்சிருக்கிறம்!"

போன் வைபட்டுவிட்டது.

பஸ்ரியன் காருக்கு முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துவைத்து உட்கார்ந்தார். கேட்காமல் மாற்றுவது சரியில்லை. தன்னுடைய கராஜில் ஒருநாளும் அவர் செய்யாத வேலை அது. மாற்றாமல் விட்டால் 401 பெருந்தெருவில் வெய்யிலுக்குள் பட்டுவேட்டியோடு ஒரு மாப்பிள்ளை நிற்பான், அங்கே மணவறையில் ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கும் காரணம் கண்டுபிடிப்பார்கள்: பஸ்ரியன் போனில் சொன்ன அந்த 'ஆனா'. சும்மா சொல்லக்கூடாது, தன்னுடைய பெயரைப் பற்றிய பயமும் அவருக்கு இருந்தது. அந்தப் பிள்ளைக்காக மாற்றப்போகிறேனா, எனக்காகவா என்று தன்னையே கேட்டார். எழும்பிப் போய்ப் புதுப் பம்ப் வாங்கிவந்து பூட்டினார்.

கழற்றிய சாமான்களைக் காரிலேயே திருப்பி வைத்துவிடுவது அவருடைய வழக்கம். மாற்றாமல் மாற்றியதாகச் சொன்னான் என்று ஒருவரும் கதைக்கக்கூடாது. அன்றைக்கும் பழைய பெல்ற்றையும் பழைய பம்பையும் பெட்டியில் போட்டு, டிக்கியின் மூலையில் வைத்தார். பெல்ற்றுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, வாய் திறக்காமல் கார்த் திறப்பைக் கொடுத்தார்.

"இப்பிடி இருந்தா எவ்வளவு நல்லம் அண்ணை!" என்று சிவபாதம் பாராட்டிவிட்டுப் போனார்.

கல்யாண வாரக் கடைசி முழுவதும் பஸ்ரியன் போனடியிலேயே இருந்தார். பம்பைப் பூட்டியவர் அவர்தான், பிழை விட்டிருக்க வழியில்லை. இருந்தும் போன் அடித்த ஒவ்வொரு முறையும் மக்டலீனை எடுக்கச் சொன்னார். ஊரார் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, தன்னுடைய வாயில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் பெரிய கொடுமை.

கல்யாணம் சிறப்பாக முடிந்து, சிவபாதமும் மனைவி புனிதவதியும் பலகாரத்தோடு கராஜுக்கு வந்தார்கள்.

"கண்டியளே அண்ணை? நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தியள், கார் குதிரை மாதிரி ஓடினது" என்றார் சிவபாதம்.

பஸ்ரியன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

புனிதவதி பலகாரத் தட்டை எடுக்க டிக்கியைத் திறந்தவர், தட்டோடு அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். "கூறைப் பெட்டிக்குப் பக்கத்திலை உது கிடந்தது. என்னண்ணை உது?"

"பழைய பெல்ற். மற்றது... பழைய வோட்டர் பம்ப்."

"பம்போ? ஆரைக் கேட்டு மாத்தினனீங்கள்?" சிவபாதத்தின் குரல் ஏறியது.

"கேக்கத்தான் போன் எடுத்தனான். ஆனா எண்டவுடனை நீர் வைச்சிட்டீர்."

புனிதவதி பம்பை வெளியே எடுத்துச் சில்லைச் சுழற்றினார். அது பல்லைக் கடித்தது. "மாத்தாமல் விட்டிருந்தா?" என்று கேட்டார்.

முடிந்துபோன கல்யாணத்துக்குக்கூடக் கெட்ட வார்த்தை சொல்லக்கூடாது என்று பஸ்ரியன் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். அந்த மூடிய வாயைப் பார்த்ததும் புனிதவதிக்குக் கண் கலங்கிவிட்டது. சிவபாதம் கராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சனிக்கிழமை ஸ்காபரோவிலை பொம்பிளை மாப்பிளைக்கு வரவேற்பு. நீங்களும் மக்டலீன் அக்காவும் கட்டாயம் வரவேணும். வந்து அதுகளுக்கு ஒரு வார்த்தை சொல்லவேணும்" என்றார் புனிதவதி.

"நானோ?"

"உங்கடை வாய் பலிக்குமெண்டுதானே சனம் சொல்லுது? அப்ப நல்லதொண்டைச் சொல்லுங்கோவன்."

இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவரிடம் கேட்காத விஷயம் அது. அவர் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தார்.

சனிக்கிழமை அவர் கோட் போட்டுக்கொண்டு மேடையேறினார். நாலைந்து வசனம் பாடமாக்கி வைத்திருந்தார். எல்லாம் மறந்துபோனது. கீதனையும் அந்தப் பிள்ளையையும், எஞ்சினைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தார்.

"நீங்கள் நல்லா இருப்பியள்" என்றார். பிறேக் தாண்டாது என்று சொன்ன அதே குரல், செத்தவீட்டுக்குப் போகிற அதே முகம்.

பக்கத்தில் நின்ற சிவபாதம் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.