வெள்ளைப் பூ இருந்த பொட்டலம்

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்த வருடம் எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று குளுவாங்கில் ஒரு கல்லூரி. காஹாங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் போனால் அரை மணி நேரம். இன்னொன்று பினாங்கில் ஒரு பல்கலைக்கழகம். ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டும். எதற்குச் சம்மதம் என்று இணையத்தில் பதில் சொல்லப் பத்து நாள் கொடுத்திருந்தார்கள்.

எனக்குப் பினாங்குதான் வேண்டும். காரணம் கேட்டவர்களிடம் பாடம் நல்லது என்றேன். உண்மையைச் சொன்னால், முட்டை வாங்கக் கடைக்குப் போனாலும் யார் மகள், எங்கே போகிறாய் என்று விசாரிக்காத ஓர் ஊரில் கொஞ்ச நாள் இருந்து பார்க்க ஆசை.

தாய்மாமா விடவில்லை. அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். "குளுவாங் போதும்லா. காலையில பிள்ளைங்கள இறக்கி விட்டுட்டு நானே உன்னக் கொண்டுபோய் விட்டுர்றேன். சாயங்காலமும் நானே வந்து ஏத்திக்கிறேன்" என்றார். அன்பாகத் தடுப்பவரிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம்! நான் அப்படியும் போட்டேன். கதவை அறைந்து சாத்தினேன். அப்பா, "அம்மா என்ன சொல்றாங்களோ அதான்" என்று சொல்லிவிட்டுச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவோ தன் அண்ணன் பேச்சுக்கு ஒருநாளும் மறுபேச்சுப் பேசாதவர். என்னிடமும் வாயைத் திறக்கவில்லை. எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், "அம்மன்கிட்டப் பூக்கட்டிப் பார்த்துரலாம்ண்ணே" என்றார். மாமா உடனே தலையாட்டினார். அம்மன் தன் பக்கம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. மாமா அந்த வேனை வாங்கியதே அப்படித்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி வாழையிலைத் துண்டில் மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் பினாங்கு, சிவப்பு வந்தால் குளுவாங் என்று பேச்சு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அது வாடிய மாலைகளோடு ஆற்றுக்குப் போய்விடும்.

அம்மா கடையில் கொஞ்சம் மல்லிகையும் ஒரு சிவப்பு ரோஜாவும் வாங்கி வந்தார். சாயங்காலம் இரண்டு பொட்டலங்களையும் கட்டி சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் ஒன்றை எடுத்து இலையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். மல்லிகை. இது வெள்ளை என்றால் மற்றது சிவப்பு. அதையும் எதற்குப் பிரிப்பது? அவசர அவசரமாகத் திரும்பக் கட்டினேன். என் முடிச்சில் நூல் ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கியது.

கோயிலில் பூசாரி இரண்டு பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்து எடுத்துத் தட்டில் நீட்டினார். கேள்வி யாருடையதோ அவரேதான் எடுக்க வேண்டும் என்றார் மாமா. அம்மா எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் தட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. நூல் தொங்கியதை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

 மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தாளே சொல்லிட்டா. நல்லபடியா போய்ட்டு வா" என்றார். மறுநாளே சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றை எனக்கு வாங்கி வந்தார்.

அந்தப் பெட்டியைக் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். ஆசைப்பட்டது கிடைத்தும் சோறு இறங்கவில்லை. அம்மனாவது மன்னித்துவிடுவாள். சிவப்பு வர வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு நின்றிருப்பாரே அம்மா, அவரை ஏமாற்றிவிட்டேனே என்பதுதான் என்னை அரித்தது. புறப்படும் நாள் வரைக்கும் அவரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

குளுவாங் பஸ் நிலையத்தில் மாமா பெட்டியை ஏற்றிவிட்டு, எனக்கு வழியில் சாப்பிட நாசி லெமாக் சோறு வாங்கக் கடைப்பக்கம் போனார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"ம்மா, அன்னிக்கு நான் பொட்டலத்தப் பிரிச்சுப் பார்த்துட்டேன். வெள்ளைன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்."

"தெரியும். அந்த முடிச்சப் பார்த்தாலே தெரியாதா?"

"கோவம் இல்லயா?"

"எதுக்கு? நீ எத எடுத்திருந்தாலும் வெள்ளதான்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "அலமாக்! ரெண்டுலயுமா?"

"மெதுவா பேசு, மாமா வந்துருவாரு" என்று கையைப் பிடித்து அழுத்தினார் அம்மா. "நான் சொன்னா அவரு கேப்பாரா? அம்மன் சொன்னாத்தான் கேப்பாரு. குத்தம்னா அது எனக்கு. நான் அவகிட்டப் பேசிக்கிறேன். நீ போய்ப் படி."

இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் அந்த இடத்திலேயே இறங்கியது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. அப்போதுதான் எனக்குப் பசியே தெரிந்தது. தூரத்தில் மாமா பொட்டலத்தோடு வருவதைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கேட்டேன்.

"அப்ப அந்தச் சிவப்பு ரோஜா எங்க போச்சு?"

"கோயில்ல இருந்த நேரம் முழுக்க என் தலையிலதான் இருந்துச்சு" என்றார் அம்மா. "நீதான் என் பக்கமே திரும்பலயே."