அறுபத்தெட்டாம் நம்பர் எண்ணெய்

ஹேண்டில்பாரில் இருந்த பிரேக் ஆயில் டப்பாவின் இரண்டு திருகுகளையும் கழற்றி மூடியைத் தூக்கியதும் லாவண்யாவுக்குக் குமட்டியது. தேன் நிறத்தில் தெளிவாக இருக்கவேண்டிய திரவம் சாக்கடை நிறத்தில் கிடந்தது. மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் தகடு ஊதி, நெளிந்து, தன் பள்ளத்துக்குள் அடங்காமல் பிதுங்கி நின்றது. தண்ணீரில் இரண்டு நாள் ஊறிய விரலைப் போல. அதைக் கையால் தொட மனம் வராமல் பழைய துணியால் பிடித்து எடுத்தாள்.

சூளகிரியில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குத் தரப் பரிசோதனை வேலை. ஒரு ஷிப்டுக்கு நானூறு ரப்பர் கப்புகளை லென்ஸ் வைத்துப் பார்க்கிறவள். ரப்பர் இப்படி ஊதினால் அவளுக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. பிரேக் திரவம் இருக்கும் இடத்தில் யாரோ வேறு எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். எந்த மெக்கானிக் பயல் செய்த வேலையோ என்று பல்லைக் கடித்தாள்.

வண்டி அப்பாவுடையது. அப்பா வெள்ளைச்சாமி இறந்து ஐம்பத்தொரு நாள் ஆகிறது.

காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மூக்கண்டப்பள்ளி தாண்டி, முன்னால் போன டிப்பர் லாரி நின்றது. இவர் நிற்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். ஏன் நிற்கவில்லை என்பதற்கு மட்டும் வந்தவர் போனவர் எல்லாரிடமும் ஒரு காரணம் இருந்தது. தூக்கக் கலக்கம் என்றார் ஒருவர். போன் பேசியிருப்பார் என்றார் இன்னொருவர். அம்மாவின் தம்பி முத்துக்குமார் சுடுகாட்டிலிருந்து திரும்பிய கையோடு தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"சுகர் மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்தோட வண்டி ஓட்டுனா தலை சுத்தாம என்ன செய்யும்? மச்சான் பாதி வழியிலயே மயங்கியிருப்பாரு."

பதினாறாம் நாள் வடையை மென்றபடி அதையே இன்னொரு தடவை சொன்னார். வாயோரத்தில் ஒட்டியிருந்த எண்ணெயும் அந்தச் சொல்லும் லாவண்யாவுக்கு ஒன்றாகவே நினைவிருக்கின்றன.

அம்மா ஜெயமணி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அன்று காலை பாதி தோசையில் கேஸ் தீர்ந்துபோயிருந்தது. "அஞ்சு நிமிசம் பொறுங்க, அடுத்த சிலிண்டர மாட்டிர்றேன்" என்று சொல்லியிருக்கிறாள். "நேரமாச்சு" என்று மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு அவர் போய்விட்டார். சிலிண்டரை முதல்நாளே மாற்றி வைக்காதது யார் குற்றம் என்று இருவருக்கும் வாசலில் நாலு வார்த்தை வேறு. அன்றிலிருந்து ஜெயமணி காலையில் சாப்பிடுவதில்லை. பிறகு மத்தியானமும் நின்றது. ராத்திரி அரை டம்ளர் கஞ்சி. ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்க ஆரம்பித்துவிட்டது. கேட்டால், "பட்டினியா அனுப்பிக் கொன்னவளுக்கு என்ன சோறு?" என்பாள்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டி வந்ததும் முத்துக்குமார்தான் பொறுப்பெடுத்தார். வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்தி, உடைந்த முகப்பு விளக்கை மாற்றி வாங்கிவந்தார். பாகலூரில் வேலைக்குப் போய்வர வண்டி அவருக்கு வேண்டுமாம். "பிரேக் மட்டும் கொழகொழன்னு இருக்கு. நீதான் பிரேக் கம்பெனிக்காரியாச்சே மருமகளே, காத்தை எடுத்து வை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து எடுத்துக்கிறேன்" என்றார். ஆள் போன இடத்தில் வண்டியாவது சும்மா நிற்கக் கூடாது என்பதில் அவ்வளவு அக்கறை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. லாவண்யா முன்சக்கரத்தருகே குந்தி ஹோஸை விரலால் தடவிப் பார்த்தாள். கிழிசல் இல்லை, எங்கும் ஒழுகியிருக்கவும் இல்லை. டிஸ்க் மட்டும் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. காற்றை வெளியேற்றும் நிப்பிளில் கண்ணாடி போன்ற குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு காலி ஜாம் பாட்டிலுக்குள் விட்டாள். நிப்பிளைத் திறக்க ஒரு கை, பிரேக்கைப் பிடிக்க ஒரு கை வேண்டும். தனியாக எட்டவில்லை.

"அம்மா, இங்க வாங்க. கொஞ்சம் பிடிக்கணும்."

"எனக்கு என்னடி தெரியும் அதெல்லாம்?"

"தெரிய வேணாம். பிடின்னா பிடிங்க, விடுன்னா விடுங்க."

ஜெயமணி பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கணவனின் வண்டியை இத்தனை வருடத்தில் பின்னால் உட்கார்ந்து மட்டுமே அறிந்தவள். லீவரை நாலு விரலால் வளைத்துப் பிடித்தாள்.

"பிடிங்க."

"பிடிச்சிட்டேன்."

"விடாதீங்க." ஸ்பேனரைக் கால் சுற்று திருப்பினாள். குழாயில் கறுப்பாகக் கொஞ்சம் துப்பியது, நடுவே குமிழிகள். மூடினாள். "இப்ப விடுங்க."

ஒவ்வொரு தடவையும் குழாயில் வந்தது ஒவ்வொரு விதமாக இருந்தது. கறுப்பு, பிறகு பழுப்பு, பிறகு ரப்பர் துகள் மிதக்கும் ஏதோ ஒன்று. சளி வருவதைப் போல வந்தது. நாற்றம் மூக்கைவிட்டுப் போகவில்லை. எங்கோ பழகிய நாற்றம். எங்கே என்று யோசிக்க அவள் இடம் கொடுக்கவில்லை.

மாடியிலிருந்து வீட்டுக்கார நாராயணம்மா இறங்கிவந்தாள். பாகலூர்க்காரி, வீட்டுக்குள் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், வாடகைக்கு இருப்பவர்களிடம் தமிழ்.

"ஏம்மா, போன வாரம்தான் சிமெண்ட் தரைய கழுவி உட்டேன். இப்பிடி கருப்பு பண்றீங்களே?"

"துடைச்சிடறேங்க்கா."

"தொடைச்சா போற கருப்பா அது! சரி, ஐயா வெச்சிருந்தாரே ஒரு எண்ணெ பாட்டிலு, அது இருந்தா குடும்மா. அவரு போனதுலேர்ந்து என் கேட்டு கத்துது. ரெண்டு சொட்டு உட்டார்னா ஆறு மாசத்துக்கு வாயே தெறக்காது."

எடுத்துக்கொடுக்க லாவண்யா உள்ளே போனாள். பரணில், டார்ச் லைட்டுக்குப் பக்கத்தில், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அதில் கால்வாசி எண்ணெய். அப்பாவின் தொழிற்சாலையில் அதற்குப் பெயர் அறுபத்தெட்டாம் நம்பர். பிரஸ் மெஷினுக்கு ஊற்றும் ஹைட்ராலிக் எண்ணெய். மூடியைத் திறந்தாள். முற்றத்து நாற்றம் அதுதான். அப்பாவின் காக்கிச் சட்டையின் நாற்றமும் அதுதான்.

மூடியை இறுக்காமல் பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள்.

வெள்ளைச்சாமி சாத்தூர்ப் பக்கத்துக்காரர். ஐ.டி.ஐ.யில் பிட்டர் முடித்து, தொண்ணூற்றாறில் ஒரு பையோடு ஓசூருக்கு வந்தவர். பிறகு ஒரே கம்பெனி, ஒரே வேலை. தகடு அழுத்தும் ஹைட்ராலிக் பிரஸ்களை நிற்காமல் ஓடவைக்க வேண்டும். பிரஸ் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு கசிகிறது என்று சொல்வார். அளவுக் கண்ணாடியில் எண்ணெய் கோட்டுக்குக் கீழே இறங்கினால் வேலையை நிறுத்திவிட்டு முதலில் எண்ணெய் ஊற்றுவார். இத்தனை வருடத்தில் அவர் பார்த்த பிரஸ் ஒன்றும் எண்ணெய் வற்றி நின்றதில்லை. அவர் இறந்த மூன்றாம் நாள் அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமாம்.

எண்ணெயை அவர் அப்படி நம்பினார். "கம்பி அறுந்துரும், செயின் தொங்கிரும். எண்ணெய் ஏமாத்தாதும்மா" என்பார். அதற்காகவே டிஸ்க் பிரேக் வைத்த வண்டி வாங்கினார். முன்பிரேக்கைப் பிடித்தால் தூக்கி அடிக்கும் என்று ஊரே பயந்தபோது, அதைத்தான் முதலில் பிடிக்கவேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பின்பிரேக்கைத் தேயவிட்டுவிட்டு அதைச் சட்டையே செய்யவில்லை. கம்பெனியிலிருந்து பாட்டிலில் கொஞ்சம் கொண்டுவந்து கதவுக் கீலுக்கு விட்டார், தையல் மெஷினுக்கு விட்டார், முழங்கால் வலிக்குக்கூடத் தேய்த்துக்கொண்டார். "அசிங்கம்ப்பா" என்று லாவண்யா மூக்கைப் பொத்துவாள். "உசத்தி எண்ணெய்டி இது" என்று சிரிப்பார்.

இதை வண்டிக்கும் ஊற்றியிருக்கிறார். பிரேக் டப்பாவின் ஜன்னல் போன்ற சின்னக் கண்ணாடியில் அளவு கோட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்திருப்பார். கை சும்மா இருந்திருக்காது. டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் தேய்ந்தால் அளவு தானாக இறங்கும், ஊற்றவே தேவையில்லை. முன்சக்கரத்தில் இருந்த பேடுகள் தகடு தெரியத் தேய்ந்திருந்தன. தினம் நானூறு ரப்பரைப் பார்க்கிறவளின் அப்பா ரப்பரைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குத்தான் எண்ணெய் தெரியுமே! அவளுக்கு வெறுப்பு வந்தது. செத்தவர்மேல் வரக்கூடாத வெறுப்பு.

வெளியே வந்தபோது ஜாம் பாட்டிலில் இருந்தது தெளியத் தொடங்கியிருந்தது. கீழே கறுத்த பிரேக் திரவம். மேலே விரல் கனத்துக்கு, சேராமல், மஞ்சளாக மிதக்கும் அப்பாவின் எண்ணெய். இரண்டு பாட்டிலையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே நிறம்.

"எண்ணெ கெடச்சுதாம்மா?" என்றாள் நாராயணம்மா.

"கடையில வேற வாங்கித் தரேங்க்கா. இது வேணாம்."

"நல்லா இருக்கிற எண்ணெய ஏன் வேணாங்கற?" என்று முனகிக்கொண்டே அவள் மாடி ஏறினாள்.

லாவண்யா நிப்பிளை இறுக்கினாள். டப்பாவில் புதுத் திரவம் நிறைந்திருந்தது. குழாயில் குமிழி வருவதும் நின்றிருந்தது.

"அம்மா, இப்ப இறுக்கிப் பிடிங்க. பிடிச்சுட்டே இருங்க."

ஜெயமணி பிடித்தாள். முதலில் லீவர் கொஞ்சம் நின்றது. பிறகு கைக்குள்ளேயே மெதுவாக இறங்கிக் கைப்பிடியில் போய் முட்டியது.

"என்னடி, இம்புட்டுதானா இது? நீ அதை மூடுன பிறகும் தன்னால உள்ள போகுது."

"உள்ள ரப்பர் கெட்டுப்போச்சும்மா. ஊதின ரப்பர் முதல்ல பிரேக்கை விடாம பிடிச்சு வீலைச் சூடாக்கியிருக்கு. சூட்டுல உள்ள எண்ணெய் கொதிச்சிருக்கு. அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது."

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

ஜெயமணி லீவரை விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள். விட்டாள். பிடித்தாள். டிப்பருக்குப் பின்னால் அந்தக் கை என்ன செய்திருக்கும் என்று தன் கையால் பார்ப்பவள்போல.

"அப்ப சாப்பிட்டுப் போயிருந்தா?"

"சாப்பிட்டுப் போயிருந்தாலும் நின்னிருக்காதும்மா."

"தோசை அஞ்சு நிமிசம் லேட்டானதால இல்லையா?"

"இல்ல. இதனால." லாவண்யா பாட்டிலைக் காட்டினாள். "அப்பா இதை எடுத்து அதுல ஊத்தியிருக்காரு."

ஜெயமணி பாட்டிலைப் பார்த்தாள். முகம் கோணியது. அழப்போகிறாள் என்று லாவண்யா நினைத்தாள்.

"கூறுகெட்ட மனுசன்" என்றாள் ஜெயமணி. "இருபத்தெட்டு வருசம் இந்த நாத்தத்தத் துவைச்சிருக்கேன்டி நான். கடைசில இதுலயே போய்ச் சேந்திருக்காரு பாரு."

முத்துக்குமார் அப்போதுதான் கேட்டைத் திறந்தார். அது ஒரு பாட்டம் கத்தி ஓய்ந்தது.

"என்ன மருமகளே, வண்டி ரெடியா?"

"வண்டி தர முடியாது மாமா. பிரேக்கைப் பூரா மாத்தணும்."

"ஏன், என்னாச்சு?"

"உன் மச்சான் மயங்கி விழலடா" என்றாள் ஜெயமணி. "பிரேக் பிடிக்கல. வந்து பிடிச்சுப் பாரு."

அவர் நின்றவாறே ஒரு விரலால் லீவரை இரண்டு தடவை அழுத்தினார். "இதுக்குப் போயி! கொஞ்சம் எண்ணெய் விட்டாச் சரியாப் போயிரும்க்கா."

"அதைத்தாண்டா அவரும் செஞ்சாரு."

முத்துக்குமாருக்கு அது புரியவில்லை. புரியவைக்க இருவரும் முயலவில்லை. போன் வந்ததுபோல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.

லாவண்யா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டால் அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. சொன்னாள்.

"அம்மா, வண்டி இழுக்குது, முன்வீல் சுடுதுன்னு அந்த ஞாயித்துக்கிழமை எங்கிட்ட சொன்னாரு. பாக்கச் சொன்னாரு. எனக்கு இருக்கிறதே ஒரு நாள் லீவு, அடுத்த வாரம் பாக்கறேன்னுட்டேன்."

இறந்தது வெள்ளிக்கிழமை. அதைச் சொல்லத் தேவையில்லை.

ஜெயமணி எண்ணெய் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "இந்த எண்ணெய ஊத்துனேன்னு சொன்னாரா?" என்றாள்.

"சொல்லல."

"சொல்லிருக்க மாட்டாரு. அவருக்குத் தெரியாதது எதுவும் உண்டா?" முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். "காலைல கிண்டுன உப்புமா இருக்கா, வீசிட்டியா?"

"இருக்கு. ஆறிப்போச்சு."

"ஆறுனா ஆறட்டும். ரெண்டு தட்டா எடுத்துட்டு வா. நீயும் ஒண்ணும் தின்னல."

லாவண்யா சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். படிக்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா பெரிய பெரிய கவளமாக, கோபத்தோடு, மெல்லாமல் விழுங்கினாள். லாவண்யா முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோனபோது விரலிலிருந்து அறுபத்தெட்டாம் நம்பர் அடித்தது. குமட்டியது. சாப்பிட்டாள்.