யார் பேருக்கு?

பழைய ஐரோப்பிய ஓவியங்களைப் பற்றி ஓர் ஆன்லைன் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். மண்டையோடு என்றால் நிலையாமை, கண்ணீர் என்றால் மனந்திரும்புதல் என்று எதற்கும் பொருள் சொல்லும் கிறுக்குப் பிடித்திருந்தது.

நான் வசிக்கும் சைகோனின் மாரியம்மன் கோயிலில் வியட்நாமியர்கள் சுவரில் முகம் பதித்து, குறையைச் சொல்லி வேண்டிக்கொள்வார்கள். அன்று ஒரு பெண் அப்படி அழுதுகொண்டிருந்தாள். ஓவியத்தில் மனந்திரும்பி அழும் பைபிள் பெண் மகதலேனா மரியாள் அப்படியே! வகுப்பில் காட்டலாமென்று பின்னால் நின்று போனில் படமெடுத்தேன்.

திரும்பிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ சுவரின் ஈரத்தைச் சட்டைக்கையால் துடைத்துவிட்டு விலகி நின்றாள்.

“ரொம்ப நேரமா நிக்கிறீங்களா அக்கா? நான் சொல்லிட்டேன், நீங்க சொல்லுங்க” என்றாள் அவள் மொழியில்.

அவள் போனதும் படத்தை அழித்தேன். மனசு ஆறவில்லை. அவளுக்காக ஓர் அர்ச்சனை செய்யச் சொன்னேன்.

“யார் பேருக்கும்மா?” என்றார் குருக்கள்.

ஓவியத்தில் அழுதவளின் பெயர் மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது.