இடது காதில் ஓடிய மெஷின்

அந்தத் தையல் ஆலையில் ஒரே கூரையின் கீழ் நூற்றிருபது மெஷின்கள் ஓடின. அத்தனைக்கும் நோய் நொடி பார்ப்பவள் ஒரே பெண். தைக்கிறவர்களுக்கு அவள் மெக்கானிக் அக்கா. மேலாளருக்கோ, மெஷின் நின்றால் மட்டும் ஞாபகத்துக்கு வருகிற ஆள். நாற்பத்தைந்து வயது. பதினெட்டு வருடமாக இடுப்பில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு அந்த இரைச்சலுக்குள் நடந்ததில், நூற்றிருபது குரல்களில் எது கமறுகிறது என்று போகிற போக்கில் சொல்லிவிடுவாள்.

அவளுடைய வைத்தியம் எளிமையானது: மாற்றிப் போட்டுப் பார்ப்பது. ஒரு மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால், நூற்கண்டு உட்காரும் பாபின் கேஸைக் கழற்றி, நன்றாக ஓடுகிற பக்கத்து மெஷினில் போடுவாள். கோளாறும் கூடவே போனால் குற்றவாளி பாபின் கேஸ். கோளாறு பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் மெஷின். வருகிற பதில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய தம்பி வந்தான். செல்போன் கடையில் விற்பனையாளன். அதிகம் விற்றதற்காகக் கடையில் கொடுத்த பரிசை அக்காவுக்கென்று கொண்டுவந்திருந்தான். மோதிரப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒயர் இல்லாத இரண்டு இயர்பட்கள். ஊரெல்லாம் அப்போது அதன் விளம்பரம்தான்: ரயில் நிலையத்தின் நடுவே ஒரு பெண் கண்மூடி நிற்பாள், சுற்றிலும் வாய்கள் அசையும், சத்தம் வராது, அவள் முகத்தில் ஞானம் கைகூடிய களை.

"அக்கா, இதைக் காதுல வச்சேன்னா உலகமே வாயை மூடிக்கும்."

"உங்க மாமா வாயும் மூடுமா?"

"அதுக்கு இன்னும் மாடல் வரல."

மாமா, அதாவது அவளுடைய கணவர், பள்ளி வேன் ஓட்டுகிறவர். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "உன் வாயை மூடற மாடல் வந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வை, மாப்ள."

தம்பி போன பிறகு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டையும் காதில் பொருத்தினாள். கீழே பேருந்துகள் திரும்பும் முனை. மாடி வீட்டில் மிக்ஸி. தம்பி சொல்லிக்கொடுத்த இடத்தில் ஒரு தட்டு தட்டினாள். எல்லாம் போய்விட்டது. ஒரு பேருந்து முழு உடம்பையும் வளைத்துக்கொண்டு ஊமைப் படத்தில் வருவதுபோலத் திரும்பியது. பரவாயில்லையே, பொய் சொல்லவில்லை என்று நினைத்தாள்.

அப்போதுதான் அது கேட்டது. இடது காதில் மட்டும். ஷ்ஷுப்... ஷ்ஷுப்... ஷ்ஷுப். தளர்ந்த பெல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை உரசினால் இப்படித்தான் கேட்கும். புதுப் பொருளிலேயே கோளாறா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த சரக்கும் ரிப்பேருக்குத்தான் வந்திருக்கிறது!

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து நேரே தம்பியின் கடைக்குப் போனாள்.

"இடது பக்கத்துது சரியில்லடா. உரசுது."

தம்பி வாங்கித் துடைத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தான். "ஒண்ணும் கேக்கலையே. காதை அடைச்சா எல்லாருக்கும் ஏதோ கேக்கத்தான் செய்யும்க்கா. நீ ஃபேக்டரி சத்தத்துலயே குடித்தனம் பண்ணவ, அமைதின்னா என்னன்னே உனக்கு மறந்துபோச்சு."

"அப்போ ரெண்டு காதுலயும் கேக்கணும் இல்ல?"

கை தன் பாட்டுக்குப் பழகின வேலையைச் செய்தது. வலது காதுக்கானதை இடது காதிலும், இடது காதுக்கானதை வலது காதிலும் திருகித் திருகிப் பொருத்தினாள். வடிவம் சரியாக உட்காரவில்லை. விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடையின் சத்தம் அடங்கியது.

ஷ்ஷுப்... ஷ்ஷுப். அதே இடது காது.

கோளாறு பொருளோடு போகவில்லை.

இடது காதைத் தோளில் சாய்த்து அழுத்திக்கொண்டு, கைகளைக் கண்ணாடி மேசைக்கு இறக்கி மணிக்கட்டில் விரலை வைத்தாள். நாடியும் அந்தச் சத்தமும் கால் மாறாமல் சேர்ந்து நடந்தன. இரண்டு இயர்பட்களையும் சட்டென்று கழற்றினாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. சரியாத்தான் இருக்கு."

"நான் அப்பவே சொன்னேன்ல! நம்பர் ஒன் சரக்கு" என்று தம்பி பெருமையாகப் பெட்டியை மூடிக் கொடுத்தான்.

அவளுடைய அம்மா நாற்பத்தாறு வயதில், துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்தவள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அதற்கு முந்தின சில மாதங்கள் அம்மா தலையைச் சாய்த்து உள்ளங்கையால் காதைத் தட்டிக்கொண்டிருப்பாள். குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவர்களோடு சேர்ந்து இவளும் அதையே சொன்னாள்.

இப்போது காதில் எதையும் பொருத்தத் தேவையிருக்கவில்லை. ஒருமுறை அடையாளம் தெரிந்துவிட்ட முகம் கூட்டத்தில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதுபோல, சத்தம் குறைந்த இடமெல்லாம் அது கேட்டது. ஆலையின் கழிப்பறையில், லிஃப்டுக்குள், தலையணையில். அமைதி என்று நாம் சொல்வது வெளியே உள்ளதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது. அப்படி மிஞ்சுவதில் நம் உடம்பும் உண்டு என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. அந்த அமைதி வந்துவிடாமல் அவள் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபேன், பிறகு டிவி, பாத்திரம் கழுவ வேண்டியதில்லாதபோதும் குழாய். ஆலைதான் இப்போது அவளுக்கு ஓய்வு. உணவு இடைவேளைக்கு மெஷின்கள் நிற்கும்போது வேண்டுமென்றே ஒன்றை மட்டும் ஓடவிட்டு, சோதிப்பதுபோல அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற பயம். மாற்றிப் போட்டுப் பார்த்து வந்த பதிலை வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஏற்க மறுத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை கணவர் எழுந்துபோய் எல்லாவற்றையும் அணைத்தார். "வீட்டை ஃபேக்டரி ஆக்கிட்டியே! நாள் பூரா நாப்பது பசங்க கத்தலைக் கேட்டுட்டு வரேன், கொஞ்சம் சும்மா விடேன்."

அவள் அழுதாள். பிறகு சொன்னாள். அவர் நம்பாமலும் நம்பியும், குனிந்து தன் காதை அவள் காதோடு ஒட்டிவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா."

"பின்னே? உங்களுக்கும் கேக்கறதுக்கு அது என்ன ரேடியோவா?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. மறுநாள் வேனுக்கு வேறு ஓட்டுநரைப் போட்டுவிட்டு அவளை அழைத்துப் போனார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் இளம்பெண். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். அம்மாவின் கதையைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை அவளுடைய காதுக்குப் பின்னாலும் பிறகு கழுத்திலும் வைத்தார். கண்களை மூடிக்கொண்டார். அறையில் ஏசி ஓடியது. அதை அணைக்கச் சொன்னார்.

ஸ்டெதஸ்கோப்பை மறுபடி காதுக்குப் பின்னால் நகர்த்தினார்.

"எனக்கும் கேக்குதும்மா."

கணவர் கொண்டுவந்திருந்த அவளுடைய பழைய மருத்துவச் சீட்டுகள் அவர் கையிலிருந்து தரையில் விழுந்தன. மூன்று வாரமாக அது தன் மனப்பிரமையாகவும் இருக்கலாம் என்று அவள் ஒரு மூலையில் ஆசையை ஒளித்து வைத்திருந்தாள். இப்போது அதுவும் இல்லை.

டாக்டர் கழுத்தின் பக்கவாட்டில் மெல்ல விரலை வைத்து அழுத்தினார். சத்தம் நின்றது. விரலை எடுத்தார். வந்தது.

"அங்க அமுக்கினா நிக்குதுன்னா கோளாறு அந்த லைன்லதானே டாக்டர்?"

டாக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"தையல் மெஷின் மெக்கானிக்."

"அப்போ முதல்லயே சொல்லிடறேன். இதை வீட்ல நீங்களா கழட்டிப் பாக்கக் கூடாது. அமுக்கியும் பாக்கக் கூடாது. ஸ்கேன் எடுக்கலாம்."

ஸ்கேன் குழலுக்குள் படுக்கவைத்தார்கள். பயந்துவிடாதீர்கள், சத்தம் பலமாக இருக்கும் என்றாள் அங்கிருந்த பெண். மெஷின் இடிக்கத் தொடங்கியதும், தன் தலையை அது படம்பிடிக்கிற அந்த அரை மணி நேரம் முழுவதும், அவளுக்கு இடது காதின் அந்த உரசல் கேட்கவில்லை. முடிந்து வெளியே இழுத்தபோது அவளுக்கு வர மனமில்லை.

பதில் வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் அவள் ஒரு மெஷினில் ஊசியை முன்பின்னாகத் திருப்பி மாட்டினாள், பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி விரலால் காட்டினார். இடது பக்கம் ஒரு ரத்தநாளம் காதை ஒட்டிப் போகிறது. நடுவில் இருக்கும் எலும்பு அந்த இடத்தில் காகிதம்போல் மெல்லியது. ரத்தம் போகிற சத்தம் அந்த வழியாகக் கேட்கிறது. பிறந்ததிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கலாம்.

"வீங்கியிருக்கா டாக்டர்? வெடிக்குமா?"

"இல்லை. உங்க அம்மாவுக்கு வந்தது இது இல்லை."

கணவர் நாற்காலியில் சாய்ந்து, வண்டியை நிறுத்தி இறங்கியவர்போல நீளமாக மூச்சுவிட்டார். அவள் விடவில்லை. டாக்டர் இன்னும் முடிக்கவில்லை என்று தெரிந்தது.

"சத்தம் போகாது. பழகிக்கணும். ஆறு மாசம் கழிச்சு வாங்க. நடுவுல சத்தம் மாறினாலோ, பெருசானாலோ, தலைவலி வந்தாலோ, கண்ணு மங்கினாலோ, அன்னிக்கே வந்துடணும்."

மாறினால். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல் கூடவே வந்தது. மாறிவிட்டதா என்று தெரிய வேண்டுமானால், இன்று எப்படி இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எதிலிருந்து மூன்று வாரம் ஓடி ஒளிந்தாளோ, அதைத் தினமும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

அன்றிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து அந்த இரண்டு இயர்பட்களையும் காதில் பொருத்திக்கொள்வாள். பாட்டு எதுவும் போடுவதில்லை. ஐந்து நிமிடம். வேகம், கனம், உரசல். மெஷினைக் கேட்பதுபோலத்தான், இந்த மெஷினுக்கு மட்டும் மாற்றிப் போட வேறொன்று கிடையாது.

ஒருநாள் அந்த நேரத்தில் தம்பி வந்தான். விஷயம் அவனுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததிலிருந்து வாய் கொஞ்சம் அடங்கியிருந்தான். அவள் ஒரு பக்கத்தைக் கழற்றினாள்.

"கடைக்கு ஒரு அம்மா வந்திருந்தாங்கக்கா. இந்த இயர்பட் ஊரே சொல்ற அளவுக்கு நல்லாருக்கான்னு கேட்டாங்க. நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். நீ யூஸ் பண்றவ, என்ன சொல்லட்டும்?"

"வெளிச் சத்தத்தை நிறுத்துது. அது நிஜம்னு சொல்லு."

"அவ்வளவுதானா? நல்லதா இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லேன்."

அவள் கழற்றியதைத் திரும்பக் காதில் வைத்திருந்தாள். நேற்றைவிட இன்று ஒரு மயிரிழை கனமாகக் கேட்கிறதா? மாடிப்படியை வேகமாக ஏறி வந்ததாலா? தம்பியின் வாய் அசைந்தது. பொறு என்று கையைக் காட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தாள்.