சும்மா பார்க்க வருகிறவர்கள்

பழைய பாத்திரமும் பீங்கானும் விற்கிறவர்களுக்குத் தெரியும், கடைக்கு வாங்க வருகிறவர்களைவிட 'சும்மா பார்க்க' வருகிறவர்கள்தான் அதிகம். மலேசியாவின் கூலாய் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தையில் ஆறு வருடமாகத் தார்ப்பாய் விரித்து உட்காருகிறேன். உங்களில் எத்தனை பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நானும் அதே கூட்டம்தான்.

மூடி

சரோஜா ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறவர். இனி ஒரு சாமான்கூட வாங்குவதில்லை என்று கணவரிடம் சொல்லிவிட்டு வந்திருப்பதாக முதலிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்து எடுத்து வைத்தார். கடைசியில் ஒரு கண்ணாடி மூடியைக் கையில் வைத்துக்கொண்டார். அதற்குரிய சட்டி எப்போதோ உடைந்திருக்கும், என்னிடம் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். வெறும் மூடியைச் சாமான் என்று யார் சொல்வார்கள் என்று வாங்கிக்கொண்டு போனவர், நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அக்கா, இந்த மூடிக்குப் பொருந்துற மாதிரி சட்டி ஏதாச்சும் வந்தா எனக்கு எடுத்து வைங்க."

ரேடியோ

பக்கத்துக் கடை காதர் பாய் பழைய கடிகாரம், ரேடியோ விற்கிறவர். அவரிடம் மரப்பெட்டி ரேடியோ ஒன்று உண்டு. கூட்டம் சேருவதற்குமுன் போய் அதன் குமிழைத் திருகிப் பார்ப்பது என் வழக்கம். வாங்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன்.

ஒரு நாள் ஒரு கணவனும் மனைவியும் அதை விலை கேட்டார்கள். நான் என் கடையை விட்டுவிட்டு அங்கே போய் நின்றேன். பாயோ அது விற்றுப்போய்விட்டது என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டார். வந்த வியாபாரத்தை ஏன் விட்டீர்கள் என்று சண்டைக்குப் போனேன். அவர் ரேடியோவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வித்துட்டா நீங்க காலையில எதுக்குக்கா இந்தப் பக்கம் வரப்போறீங்க?"

கோப்பைச் சத்தம்

ராமன் அண்ணன் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி லெட்சுமி அக்காவோடு அடிக்கடி வருவார். அக்கா ஒவ்வொரு கோப்பையாக எடுத்து, விரலால் தட்டி, காதருகில் வைத்துக் கேட்பார். அண்ணன் வெயிலில் நின்றுகொண்டு, போலாம்லா, போலாம்லா என்று அவசரப்படுத்துவார்.

நடுவில் நாலைந்து மாதம் இருவரையும் காணோம். போன மாதம் அண்ணன் மட்டும் வந்தார். அக்கா தவறிப்போனதைச் சொன்னார். பிறகு ஒரு கோப்பையை எடுத்து, அவள் எதற்காகத் தட்டிப் பார்ப்பாள் என்று கேட்டார். விரிசல் இருந்தால் சத்தம் அடைத்துக் கேட்கும், நல்லதாக இருந்தால் கணீரென்று இருக்கும் என்று தட்டிக் காட்டினேன். தார்ப்பாயில் இருந்த அத்தனை கோப்பைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டார். வெயில் ஏறிவிட்டது. போக நேரமாகவில்லையா அண்ணே என்றேன்.

"அவ பாக்குறப்பல்லாம் நான் மணியவே பாத்துக்கிட்டு நின்னேன், தங்கச்சி. என்னதான் பாத்தான்னு இப்பதான் பாக்குறேன்."

எல்லாரும் பார்த்துவிட்டுப் போன சாமான்களை மதியம் மறுபடி வேனில் ஏற்றும்போது, இதற்கு ஏன் இத்தனை பாடு என்று என் வீட்டுக்காரர் கேட்பார். சந்தைக்கு வந்தும் வேனைவிட்டு இறங்காத மனிதருக்கு நான் என்னத்தைச் சொல்லிப் புரியவைப்பது?